மூன்றாவது உதவி

என்னைத் தனியாக விடுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்பதற்கு நாற்பத்திரண்டு பக்கப் படிவம் ஒன்று இருக்கிறது. அதன் பதினேழாம் பக்கத்தில், நான் தனியாக இருக்க ஆசைப்படுவதற்குத் தாங்கள் யாரும் காரணமில்லை என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டும். என் அக்கா ஜெபமணி கோயம்புத்தூரிலிருந்து வந்து போட்டுக் கொடுத்தாள். போட்டுவிட்டு அழுதாள். அத்தான் அழவில்லை. அவர் எனக்குச் சட்டத்தை விளக்கினார். அவர் எதையும் விளக்குவார். ஒருமுறை எனக்கு என்னுடைய வேலையையே விளக்கியிருக்கிறார்.

என் வேலை அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது. முப்பத்தோரு வருடம் ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். நாளொன்றுக்கு நானூறு பேர். நானூறு பேரும் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று நான் கடவுளிடம் கேட்டது ஒன்றுதான். இனி யாரும் என்னிடம் எதையும் கேட்கக் கூடாது. பாளையங்கோட்டையில் எனக்கு இரண்டு அறை வீடு. காலையில் எழுந்து மாலை வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிடுவேன். பார்ப்பவர்களுக்கு அது வியாதி. எனக்கு அதுதான் சொர்க்கம்.

அந்தச் சொர்க்கத்துக்கு வேட்டு வைத்தது தனிவாழ்வுச் சட்டம். எங்கோ ஒரு பெரியவர் பூட்டிய வீட்டுக்குள் இறந்து, மூன்று வாரம் கழித்து ஊருக்குத் தெரிந்ததாம். உடனே சட்டம் போட்டுவிட்டார்கள். அறுபது தாண்டியவர்கள் உரிமம் இல்லாமல் தனியாகக் குடியிருக்கக் கூடாது. உரிமத்துக்குத் தேர்வு உண்டு. தேறினால் உங்கள் வீடு உங்களுக்கு. தோற்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். சொந்தம் இல்லாதவர்களுக்கு அரசுக் காப்பகம், ஒரே கூடத்தில் நாற்பது கட்டில். எனக்கு அக்கா வீட்டில் ஓர் அறை தயாராக இருந்தது. அந்த அறைக்கும் அத்தானுக்கும் நடுவில் கதவு கிடையாது, திரைச்சீலைதான்.

அதனால்தான் அறுபத்திரண்டு வயதில், காலை ஆறு மணிக்கு, தாமிரபரணிக் கரையில் தேர்வு மையத்து வாசலில் தொப்பியும் பையுமாக நின்றேன். தேர்வு அதிகாரி பெயர் திரவியம். என் கையில் ஒரு பட்டையைக் கட்டினார். அதற்குக் காது உண்டு, வாய் உண்டு, என் நாடித்துடிப்பு முதல் உடம்பில் எத்தனை சொட்டுத் தண்ணீர் இருக்கிறது என்பது வரை அதற்குத் தெரியும்.

"ஆத்தங்கரையோட இருவத்திரண்டு கிலோமீட்டர். சாயந்திரம் ஆறு மணிக்குள்ள அடுத்த மையத்துக்கு வந்துரணும். நான் பைக்ல அங்க போயிருவேன்" என்றார்.

"வீட்டுல இருக்கதுக்குத்தான உரிமம்? அதுக்கு எதுக்கு சார் நடக்கணும்?"

"வீட்டுக்குள்ள வச்சுத் தேர்வு நடத்தணும்னா அதிகாரி கூட இருக்கணும். நான் கூட இருந்தா நீங்க எப்பிடிம்மா தனியா இருப்பிய?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "டிரைவிங் லைசென்சுக்கு எட்டுப் போடச் சொல்லுதாங்கல்லா? ரோட்டுல எவன் எட்டுப் போட்டுக்கிட்டுப் போறான்? அது மாதிரிதான் இதுவும்."

விதி சுலபமானது. வழியில் யாரிடமும் மூன்று உதவி வாங்கக் கூடாது. மூன்றாவது வாங்கினால் தோல்வி. சாப்பாடு, தண்ணீர், தாங்கிப் பிடிப்பது, வண்டியில் ஏற்றிக்கொள்வது, ஆலோசனை சொல்வது எல்லாம் உதவி.

"தேவை இல்லாத இடத்துல வாங்குனா அது உதவி இல்ல, மரியாதை. அது கணக்குல வராது" என்றார் திரவியம்.

"இதுவரைக்கும் எத்தன பேரு பாஸ் ஆயிருக்காங்க?"

"ஆயிரத்தெழுநூறு பேர்ல நாலு பேரு. அதுல ரெண்டு பேரு நடந்த அன்னைக்கு பந்த், வழியில ஆளே இல்ல. ஒருத்தர் கூட ஒரு சொறிநாய் வந்துச்சு, யாரும் கிட்ட போகல. நாலாவது ஆளு இன்சூரன்ஸ் ஏஜெண்டு. அவரப் பாத்ததும் எல்லாரும் ஓடிட்டாங்க."

என்னிடம் நாயும் இல்லை, பாலிசியும் இல்லை. கிளம்பினேன்.

முதல் அரைமணி நேரத்தில் பதினோரு பேர் என்னை நிறுத்தினார்கள். நம் ஊரில் ஒரு பெண் தனியாக நடந்தால் அவள் ஒன்று வழி தவறியவள், இல்லையென்றால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள். மூன்றாவதாக ஒரு வகை இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. "எங்க போறிய டீச்சர்?" என்றார், என்னை டீச்சர் என்று நினைத்துக்கொண்ட ஒருவர். "ஒத்தையிலயா?" என்றார் இன்னொருவர். ஒருவர் பைக்கை நிறுத்தி, பின் சீட்டைத் துண்டால் துடைத்து, "ஏறுங்க யக்கா" என்றார். எங்கே போகிறேன் என்றுகூட அவர் கேட்கவில்லை. எங்கே போனாலும் கொண்டுவிடுகிற ஜாதி அது. நான் ஓடினேன்.

ஏழரை மணிக்கு ஒரு படித்துறையைக் கடக்கும்போது பாசியில் கால் வழுக்கியது. இடுப்பில் துண்டோடு குளித்துக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"விடுங்க! நான் விழுந்துக்கிடுதேன்!" என்று கத்தினேன்.

மனிதர் விடவில்லை. பட்டை, செய்தி வாசிக்கிற குரலில், "முதல் உதவி. தாங்கிப் பிடித்தல்" என்றது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் மணிக்கட்டைப் பார்த்துப் பேசினார். "ஏம்மா, புடிக்கலன்னா இவங்க மண்டை உடைஞ்சிருக்கும்லா?"

"அது தேர்வரின் உரிமை" என்றது பட்டை.

"என்னது, மண்டை உடையுறதா?"

"ஆம்."

அவர் என்னை மெதுவாகப் படியில் நிறுத்திவிட்டு, மறுபடி தண்ணீருக்குள் இறங்கிப் போனார். கழுத்து வரை தண்ணீரில் நின்றுகொண்டு நான் கண்ணுக்கு மறையும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது சரிப்படாது என்று, மையத்தில் கொடுத்திருந்த வரைபடத் தாளைத் திருப்பி, 'தயவுசெய்து எனக்கு உதவாதீர்கள்' என்று பேனாவால் பெரிதாக எழுதி முதுகுப் பையில் ஊக்குப் போட்டுக் குத்திக்கொண்டேன். முப்பத்தோரு வருடம் அரசாங்க வேலை பார்த்தவள், அறிவிப்புப் பலகையை நம் ஜனங்கள் எப்படிப் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எட்டிப் போகிறவர்கள்கூட நெருங்கி வந்து படித்தார்கள். படித்ததும் பரிதாபப்பட்டார்கள்.

கரையில் முள்வெட்டிக்கொண்டிருந்த ஆறு பெண்கள் என்னை வளைத்துக்கொண்டார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப எவனும் உங்களுக்கு ஒதவக் கூடாது, அம்புட்டுத்தான?" என்றாள் அவர்களில் தலைவி மாதிரி இருந்தவள். "நாங்க பாத்துக்கிடுதோம்."

முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர், நடுவில் நான். எதிரில் யார் வந்தாலும், "ஏய், தள்ளிப் போ! ஒதவி கிதவி பண்ணுன, கால முறிச்சுப்புடுவேன்!" என்று அரிவாளை ஆட்டினார்கள். மோர் விற்கிறவர் சைக்கிளோடு வரப்பில் இறங்கி ஓடினார். ஒரு கிலோமீட்டர் இப்படி மந்திரி மாதிரிப் போனேன். அப்புறம் பட்டை கனைத்துக்கொண்டது.

"உதவி கிடைக்காமல் பார்த்துக்கொள்வதும் உதவியே. இரண்டாவது உதவி. பாதுகாப்பு அளித்தல்."

ஆறு அரிவாளும் ஒன்றாகக் கீழே இறங்கின. தலைவிதான் முதலில் பேசினாள். "இந்தச் சனியன ஆத்துல தூக்கிப் போடுங்க டீச்சர்." நல்லவேளை, அதை ஆலோசனை என்று பட்டை எடுத்துக்கொள்ளவில்லை. தன்னைப் பற்றிய பேச்சென்பதால் கூச்சப்பட்டிருக்கலாம்.

அதன்பிறகு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஊர் எதுவும் இல்லை. அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? வலது பக்கம் ஆறு. மருத மரங்கள் தண்ணீருக்கு மேல் சாய்ந்து நின்றன. வெயில் இலைகளுக்குள் வடிந்து விழுந்தது. ஒரு மீன்கொத்தி எனக்கு முன்னால் கிளைக்குக் கிளை போய்க்கொண்டே இருந்தது, அது என்னிடம் எதையும் கேட்கவில்லை. பாறையில் உட்கார்ந்து கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டேன். காலைத் தண்ணீரில் விட்டேன். குஞ்சு மீன்கள் வந்து குதிகாலைக் கொறித்தன. சந்தோஷமாக இருந்தேன். வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை, சந்தோஷம்தான். இந்தச் சந்தோஷத்துக்கு நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்கிற காகிதத்தை வாங்கத்தான் இத்தனை பாடு.

மையத்துக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது, வாழைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். தலையில் முண்டாசு, கையில் மண்வெட்டி. என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மரநிழலுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் செம்பு இருந்தது.

"யம்மா, வெயில்ல வாறிய. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"வேண்டாம்மா."

"ஊத்துத் தண்ணி. சில்லுன்னு இருக்கும்."

"இல்லம்மா, வேண்டாம்." என் பையின் பக்கவாட்டில் இரண்டாவது பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன். சிரிக்கவும் செய்தேன். மூன்றாவது உதவி என் கண் முன்னால் செம்பில் தளும்பியது. அதற்குப் பின்னால் கோயம்புத்தூர் திரைச்சீலை ஆடியது.

"ஒரு வாய்" என்றாள்.

"வேண்டாம்னு சொல்லுதேம்லா!"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் முகம் மாறியது. கோபம் வந்திருந்தால் எனக்குப் பரவாயில்லை. கோபம் வரவில்லை, எல்லாம் தெரிந்துபோன மாதிரி ஒரு முகம் வந்தது. செம்பைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"கழுவித்தாம்மா வச்சிருக்கேன்" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. நம் ஊரில் ஒருவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். நான் எதை எதையோ மறுத்துக்கொண்டு காலையிலிருந்து நடந்து வந்ததில், இது அந்த மறுப்பாக ஆகும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நான் பேசுவதற்குள் அவளே எனக்கு ஒரு வழியும் சொன்னாள்.

"வேணும்னா கைய ஏந்துங்க, நான் மேல இருந்து ஊத்துதேன். செம்புல வாய் பட வேண்டாம்."

நான் செம்பைப் பிடுங்கினேன். விளிம்பில் வாயை வைத்து, நிறுத்தாமல், கழுத்தெல்லாம் வழிய முழுச் செம்பையும் குடித்தேன். எனக்குத் துளி தாகம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அரை லிட்டர் குடித்திருந்தேன். வயிறு கடமுடா என்றது.

பட்டை பேசியது. "தண்ணீர் பெறப்பட்டது. தேர்வருக்குத் தாகம் இருந்ததா? இல்லை எனில் இது மரியாதை, கணக்கில் வராது. முப்பது வினாடிக்குள் பதில் சொல்லவும்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு எனக்கு. அந்தப் பெண் என்னையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். தாகமில்லாமல், போனால் போகிறதென்று குடித்தேன் என அவள் எதிரிலேயே சொல்ல வேண்டும்.

"தாகம்தான். நாக்கு வறண்டு போச்சு" என்றேன்.

"உடல் நீர் அளவு அவ்வாறு காட்டவில்லை."

"உன் அளவு உன்னோட. தாகம்னா தாகம்."

பட்டை கொஞ்ச நேரம் யோசித்தது. "வாக்குமூலமும் அளவும் முரண்படுகின்றன. தீர்ப்பு மையத்தில். உதவி அளித்தவர் சாட்சியாக வர வேண்டும். தேர்வருக்கு இருபது அடி பின்னால் நடக்கவும்."

அவள் பெயர் பேச்சித்தாய். அதை அவள் இருபது அடி பின்னாலிருந்து கத்திச் சொன்னாள். நான்கு கிலோமீட்டரும் கத்திக்கொண்டே வந்தாள். வாழைக்கு வந்த நோய், பம்ப்செட் ரிப்பேர், போன வருடம் இறந்த புருஷன், அதற்கு முந்தின வருடம் இறந்த மகள், அவள் வளர்த்த ஒரு கோழி. நான் திரும்பிப் பார்த்தால் பட்டை அதட்டியது. அதனால் ஆற்றைப் பார்த்து, "அப்படியா? ஐயோ பாவம்" என்று பதில் சொல்லிக்கொண்டு நடந்தேன். எதிரில் வந்தவர்கள் யாரும் அதன்பிறகு எனக்கு உதவ முன்வரவில்லை.

ஐந்தேகாலுக்கு மையத்தை அடைந்தோம். திரவியம் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அச்சடித்து வந்த தாளைச் சத்தமாக வாசித்தார். "தேர்வர் தாகமின்றியே தண்ணீர் அருந்தினார் என்பது அளவீட்டால் தெரிகிறது. எனவே இது உதவி அல்ல." என்னிடம் பேனாவை நீட்டினார். "உங்க வாக்குமூலத்த வாபஸ் வாங்கி ஒரு கையெழுத்து போடுங்க, பாஸ். சாட்சியும் கீழ போடணும்."

பேச்சித்தாய் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

"கிழிச்சுப் போடுங்க சார். எனக்குத் தாகம் இருந்துச்சு. நான் பெயில்" என்றேன்.

"யம்மா, நெசமாத்தான் சொல்லுதியளா? வீடு போயிரும்" என்றார் திரவியம்.

"போட்டும்."

"கோட்டி புடிச்சிருக்கா உங்களுக்கு?" என்றாள் பேச்சித்தாய். விறுவிறுவென்று உள்ளே வந்தாள். "காலைல இருந்து உசுரக் குடுத்து நடந்து வந்திருக்கிய, கூறுகெட்டதனமாப் பேசுதிய! அந்தப் பேனாவ வாங்கிக் கையெழுத்தப் போடுங்க முதல்ல!"

மேசைமேல் கிடந்த பட்டை விழித்துக்கொண்டது. "ஆலோசனை வழங்கப்பட்டது. தேர்வு இன்னும் முடியவில்லை. மூன்றாவது உதவி."

திரவியம் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு பேச்சித்தாயை நிமிர்ந்து பார்த்தார். "யம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப நீங்க சொன்னது ஆலோசனையா?"

"ஆலோசனையா? நான் எங்க ஆலோசனை சொன்னேன்? ஏசுனேன்!"

திரவியம் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். எண்பத்தாறு பக்கம். ஏசுவது உதவி என்று ஓரிடத்திலும் இல்லை. "ஏச்சு" என்று பட்டையிடம் அழுத்தமாகச் சொன்னார். பட்டை வெகுநேரம் முனகிவிட்டு, "ஏச்சு உதவியில் சேராது" என்று ஒப்புக்கொண்டது. அவள் ஏச்சுக்குப் பணிந்து நான் கையெழுத்துப் போட்டேன். பேச்சித்தாய் கைநாட்டு வைத்தாள். ஆயிரத்தெழுநூறு சொச்சத்தில் நான் ஐந்தாவது ஆள்.

இருவரும் பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்தோம். உரிமம் என் மடியில் இருந்தது. அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. எனக்கு அப்பத் தாகம் இல்லதான்" என்றேன்.

"அது தெரியும்லா. பாட்டில் நெறைய தண்ணிய வச்சிருந்தியளே" என்றாள். "தாகத்துக்கா குடுத்தேன்? நாள் பூரா தோட்டத்துல ஒத்தையில கெடக்கேன். சும்மா கூப்பிட்டா யாரு நிப்பா? தண்ணின்னா நிப்பாங்கல்லா."

பிறகு உரிமத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு அம்பத்தெட்டு. ரெண்டு வருசத்துல எனக்கும் இந்தத் தேர்வு வரும். தோத்துட்டா, ஆளு இல்லாதவங்கள ஒரே கூடத்துல நாப்பது கட்டில் போட்டு வச்சிருப்பாங்களாமே? நெசமாவா?"

"ஆமா" என்றேன். "அது நல்லா இருக்காது பேச்சித்தாய்."

"நாப்பது பேரு இருப்பாங்கல்லா?" என்றாள். அவள் கண்ணில் அப்படி ஓர் ஆசையை நான் எதிர்பார்க்கவில்லை. "எனக்குத் தோக்கணும்மா. ஆனா பயமா இருக்கு."

"தோக்கதுக்கு என்ன பயம்? ஆயிரத்தெழுநூறு பேரு தோத்திருக்காங்க. மூணு பேருகிட்ட வாங்குனாப் போதும்."

"குடுக்கணும்லா" என்றாள். "உங்களுக்கு வழியெல்லாம் ஓடி ஓடி வந்து குடுத்திருக்காவ. நான் நடந்து போனா எனக்கு யாரு குடுப்பா? அந்தக் கரையோரம் எல்லாம் எங்கள இன்னாருன்னு அறிஞ்ச ஊருதான். பாஸ் ஆயிருவேனோன்னு பயமா இருக்கு."

காலையிலிருந்து நான் தள்ளித் தள்ளி விட்ட கைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. "நான் வந்து வழியில ஒரு இடத்துல தண்ணியோட நிக்கேன்" என்றேன்.

பேச்சித்தாய் விரலை மடக்கி எண்ணினாள்.

"அது ஒண்ணாச்சு" என்றாள். "மிச்சம் ரெண்டுக்கு?"

பஸ் வரும்வரை இரண்டு பேரும் அதை யோசித்துக்கொண்டிருந்தோம்.